52 வயதில் ஸ்மார்ட் போர்டு: எங்கிருந்து ஆரம்பிப்பது?

கணக்கு டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். விழுப்புரம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 6, 7, 8 வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். வயது 52. ஓய்வு பெற இன்னும் 8 வருடம் இருக்கிறது (2021இல் 59ஐ 60 ஆக்கியதில் ஒரு வருடம் கூடிவிட்டது என்று வீட்டில் இன்னமும் கிண்டல் செய்கிறார்கள்). அதனால் "இனிமேல் கற்று என்ன ஆகப்போகிறது" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

போன வருடம் எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்தது. பெரிய டிவி மாதிரி, தொட்டால் வேலை செய்யும். தூசி படக்கூடாது என்று பழைய புடவையில் உறை தைத்துப் போட்டிருக்கிறோம், அந்த உறைதான் அதற்கு நாங்கள் செய்த ஒரே மரியாதை. பயிற்சி என்று 2 நாள் அழைத்தார்கள். ஒரு ஹாலில் 60 பேர், மேடையில் ஒரு லேப்டாப், அந்தத் தம்பி கடகடவென்று 15 ஆப்களைத் திறந்து காட்டினார், நாங்கள் கைதட்டினோம், டீ குடித்தோம், சான்றிதழ் வாங்கி வந்தோம். ஒன்றையாவது என் கையால் தொட்டிருப்பேனா என்றால் இல்லை.

சரி, நாமே முயற்சி செய்து பார்ப்போம் என்று போன மாதம் என் போனை அந்த போர்டோடு இணைத்து 8ஆம் வகுப்புக்கு ஒரு வீடியோ போட்டேன். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று திரையின் உச்சியில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என் நாத்தனாரின் செய்தி: "அண்ணி, அந்த ஆளு கடனைத் திருப்பிக் கொடுத்தாரா இல்லையா?" வகுப்பே சேர்ந்து சத்தமாக வாசித்தது. வாசிப்புத் திறன் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்படுவதா, என்ன செய்வதென்றே தெரியவில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் பூக்காரம்மா "கடன் வந்துச்சா டீச்சர்?" என்று கேட்டார்.

நான் கேட்க வந்தது இதுதான். பிள்ளைகளுக்கு என்னைவிட அதிகம் தெரியும் என்பதில் எனக்குக் கூச்சம் இல்லை. நேரம் போவதுதான் பயம். 40 நிமிடப் பீரியடில் ஒயரைச் செருகி, நோ சிக்னல் என்று வந்து, பிடுங்கி மறுபடி செருகி, 12 நிமிடம் போய்விடுகிறது. அந்த 12 நிமிடத்தில் சாக்பீஸால் நான் 3 கணக்கு போட்டு முடித்திருப்பேன். காம்பஸ் இல்லாமலே வட்டம் போடுவேன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இதையெல்லாம் தாண்டி அந்தத் திரை எனக்கு எதற்கு வேண்டும், வேண்டுமென்றால் எதை முதலில் கற்பது?

இன்னொன்று. வருடக்கணக்காகச் சேர்த்து வைத்த வினாத்தாள்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் நன்றாகத் தெரிகின்றன. பள்ளி லேப்டாப்பில் திறந்தால் கொக்கி கொக்கியாக ஆங்கில எழுத்தும் குறியீடும். இதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.


சாக்பீஸ்:

டீச்சர், நானும் கணக்குதான், சிவகங்கை மாவட்டம், உயர்நிலைப் பள்ளி. பயிற்சியில் 15 ஆப் காட்டினார்கள் என்றீர்களே, 14ஐ மறந்துவிடுங்கள். போர்டைக் கற்க வேண்டும் என்று உட்காராதீர்கள், ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். எந்தப் பாடத்தில் உங்கள் சாக்பீஸ் திணறுகிறதோ அந்தப் பாடம்.

எனக்கு அது 8ஆம் வகுப்பு வடிவியலில் வந்தது. முக்கோணத்தின் 3 குத்துக்கோடுகளும் (உச்சியிலிருந்து எதிர்ப்பக்கத்துக்குச் செங்குத்தாகப் போடும் கோடுகள்) சந்திக்கும் இடம் செங்கோட்டு மையம் என்று போர்டில் போட்டுக் காட்டுவோம். குறுங்கோண முக்கோணத்தில் உள்ளே வரும், சரி. விரிகோண முக்கோணம் வந்ததும் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள், ஏனென்றால் குத்துக்கோடு அடிப்பக்கத்தின் மேலேயே விழாது, பக்கத்தை நீட்டிப் போட வேண்டும், அதை நாம் 10 நிமிடம் அழித்து அழித்துப் போடுவோம், கடைசியில் "மையம் வெளியே வரும், எழுதிக்கோ" என்று சொல்லி முடிப்போம். எழுதிக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

இதற்குத்தான் ஜியோஜீப்ரா என்ற கணக்கு மென்பொருள். இலவசம். மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் என்ற ஆஸ்திரியாக்காரர் 2001 வாக்கில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது, இன்று உலகம் முழுக்கக் கணக்கு வாத்தியார்கள் கையில் இருக்கிறது. லேப்டாப்பில் ஒரு முறை இறக்கி நிறுவிவிட்டால் நெட் தேவையில்லை. திறந்து பலகோணம் என்ற கருவியை எடுத்து 3 புள்ளி வைத்து மறுபடி முதல் புள்ளியைத் தொடுங்கள், முக்கோணம் வந்துவிடும். செங்குத்துக்கோடு கருவியை எடுத்து ஓர் உச்சியையும் எதிர்ப்பக்கத்தையும் தொடுங்கள், குத்துக்கோடு வந்துவிடும். 3 முறை. அது கோட்டுத்துண்டாக இல்லாமல் முழு நேர்க்கோடாக வருவதால் பக்கத்தை நீட்டும் தொல்லை இல்லை. சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இப்போது அம்புக்குறியை எடுத்து ஓர் உச்சியைப் பிடித்து இழுங்கள். முக்கோணம் மாற மாற அந்த மையமும் நகரும். கோணம் 90ஐ நெருங்கும்போது மையம் அந்த உச்சியை நோக்கி வரும், சரியாக 90இல் உச்சியின் மேலேயே உட்காரும், 90ஐத் தாண்டினால் வெளியே போய்விடும். இதைப் பார்த்த பிள்ளைக்கு எழுதிக்கோ என்று சொல்லத் தேவையே இல்லை.

இது ஒன்றை மட்டும் வீட்டில் 4 முறை செய்து பாருங்கள். 4ஆவது முறை 3 நிமிடத்தில் முடிந்துவிடும்.

புத்தகத்தில் "இணையச் செயல்பாடு" என்று படிப்படியாகப் படம் போட்டு ஒரு கட்டம் வருகிறதே, நாம் எல்லோரும் தாண்டிப் போகும் கட்டம், அதில் பாதி ஜியோஜீப்ராதான். கணக்குப் புத்தகம் எழுதியவர்கள் நமக்காகச் செய்து வைத்ததை இத்தனை வருடம் கழித்து நானே தற்செயலாகத்தான் பார்த்தேன்.

நோ சிக்னல் விஷயம். பெரும்பாலும் ஒயர் தப்பு இல்லை. போர்டின் ரிமோட்டில் சோர்ஸ் அல்லது இன்புட் என்று ஒரு பொத்தான் இருக்கும், ஹெச்டிஎம்ஐ 1, 2 என்று எந்தத் துளையில் செருகினீர்களோ அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படியும் வரவில்லையென்றால் லேப்டாப்பில் விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்துங்கள், டூப்ளிகேட் என்பதைத் தொடுங்கள். எந்தத் துளை என்று பெயின்ட்டால் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். உங்கள் 12 நிமிடம் ஒரு நிமிடமாகிவிடும்.

கரும்பலகையை விட்டுவிடாதீர்கள். நான் இழுப்பதற்கு முன்னால் "மையம் எங்கே போகும்?" என்று கேட்டு, பக்கத்துக் கரும்பலகையில் பிள்ளைகளையே சாக்பீஸால் பொட்டு வைக்கச் சொல்வேன். பிறகுதான் திரை. நேரடியாகத் திரையைக் காட்டினால் சினிமா பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.


ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

மேலே நண்பர் சொன்னதில் கடைசிப் பத்தியை மட்டும் ஏற்கிறேன்.

நான் 34 வருடம் பணியில் இருந்தவன். ரேடியோப் பெட்டி வந்தது, டிவி வந்தது, சிடி பிளேயர் வந்தது. எல்லாம் பீரோவில் இருந்தன, சாவி என்னிடம் இருந்தது (இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை, காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவன் நான்). 2007-08இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது அட்டைகள், பாடங்களை வரிசையாகக் காட்டும் ஏணிப்படி, கீழ்மட்டக் கரும்பலகை, கம்பிப் பந்தலில் பிள்ளைகளின் ஓவியம் என்று பள்ளியே மாறிப்போனது. மின்சாரம் இல்லாத கருவிகள்தான். அதில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து தாங்களே செய்தார்கள். நன்றாக நடந்த பள்ளியில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையும் எந்த ஏணிப்படியில் நிற்கிறது என்று தெரிந்து வைத்திருந்தார். நடக்காத பள்ளியில் அட்டைகள் புத்தம் புதிதாக இருந்தன. இப்போது அட்டைக்குப் பதில் திரை, அவ்வளவுதான்.

என் பயம் வேறு. வீடியோவைப் போட்டுவிட்டு ஆசிரியர் மேசையில் உட்கார்ந்து வருகைப் பதிவையும் இன்ன பிற பதிவுகளையும் போனில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பதிவுகளுக்கு வேறு நேரம் யார் கொடுத்தார்கள்? ஆனால் 40 பிள்ளைகள் யாருடைய குரலையோ கேட்டுக்கொண்டு இருக்கிறார்கள். அந்தக் குரலுக்குக் கடைசி பெஞ்சுப் பையனின் முகம் தெரியாது.

டீச்சர், உங்களுக்குக் கையால் வட்டம் போட வரும் என்றீர்கள். அதை விட்டுவிடாதீர்கள்.


மலைப்பள்ளி:

ஐயா சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது எல்லாப் பள்ளிக்கும் பொருந்தாது. நான் கொல்லிமலையில் தொடக்கப் பள்ளியில் இருக்கிறேன், இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. நான் 3ஆம் வகுப்போடு உட்கார்ந்திருக்கும்போது 1ஆம் வகுப்புக்கு யார் குரலாவது கேட்டால் நல்லதுதான். கூகுளின் ரீட் அலாங் என்று ஓர் ஆப், 2019இல் போலோ என்ற பெயரில் வந்தது, இப்போது தமிழும் இருக்கிறது. பிள்ளை சத்தமாக வாசிக்க வாசிக்கத் தியா என்ற பொம்மை கேட்டுக்கொண்டே வரும், தடுக்கினால் அந்தச் சொல்லைச் சொல்லித் தரும். கதைகளை முன்பே இறக்கி வைத்துவிட்டால் நெட் வேண்டாம். மலைப் பேச்சில் இழுத்து வாசிக்கும் சில பிள்ளைகளைத் தியாவுக்குப் புரிவதில்லை, அப்போது "அவளுக்குக் காது கேக்கல டீச்சர்" என்று அதைத் திட்டுவார்கள். கூச்சப்பட்டு என் முன்னால் வாய் திறக்காத ஒரு பெண் போனுக்கு முன்னால் வாசித்தாள். எனக்கு அது போதும்.

அக்கா, உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வகுப்பறையில் நெட் இருக்கிறது என்று நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். எங்களுக்குப் பள்ளியில் டவர் கிடையாது, நான் சனிக்கிழமை நாமக்கல் இறங்கும்போது ஒரு வாரத்துக்கானதை இறக்கிக்கொண்டு வருவேன். கீழே உள்ள பள்ளிகளிலும் சரியாக 11 மணிக்கு நெட் படுத்துவிடும் என்று கேள்விப்படுகிறேன்.

நெட் இல்லாமல் ஓடுவதில் எனக்குப் பிடித்தது ஃபெட். இயற்பியலில் நோபல் வாங்கிய கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மின்சுற்று, தராசு, பின்னம் என்று தொட்டு விளையாடும் சின்னச் சின்னச் செயல்பாடுகள், சிலவற்றைத் தமிழிலேயே மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் ஒரு கோப்பாக இறக்கிப் பென் டிரைவில் போட்டுக்கொண்டால் எந்த லேப்டாப்பிலும் பிரௌசரிலேயே திறக்கும். உங்கள் 6ஆம் வகுப்பில் பின்னத்தில் தடுமாறும் பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள், அவர்களுக்குக் காட்டுங்கள். கிவிக்ஸ் என்று இன்னொன்று, தமிழ் விக்கிப்பீடியாவையே மொத்தமாக இறக்கி நெட் இல்லாமல் படிக்கலாம். எங்கள் 5ஆம் வகுப்பு அதில் திமிங்கிலத்தைத் தேடிப் படித்துவிட்டு, அது மீன் இல்லை என்று இரண்டு நாள் என்னோடு சண்டை போட்டார்கள், மீன் என்று சொன்னது நான் இல்லை, அவர்கள் தாத்தா.


வடமராட்சி வாத்தியார்:

வணக்கம் டீச்சர். நான் யாழ்ப்பாணப் பக்கம், பாடசாலையில் தரம் 6 முதல் 9 வரை விஞ்ஞானம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வருத்தம் எங்களுக்குப் பரம்பரை வருத்தம்.

உங்கள் வினாத்தாள்கள் பழைய எழுத்துருவில் இருக்கின்றன. உங்களிடம் அது வானவில்லாக இருக்கலாம், எங்களிடம் பாமினி. அந்த எழுத்துருக்களில் கணினி தமிழைச் சேமிப்பதே இல்லை. ஆங்கில எழுத்துகளைச் சேமித்துவிட்டு, அவற்றின் மேல் தமிழ் உருவத்தை முகமூடி போட்டுக் காட்டுகிறது. பாமினியில் தட்டிய "தமிழ்" என்ற சொல்லை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். முகமூடி வீட்டில் இருக்கிறது, பள்ளியில் இல்லை, அதுதான் உங்கள் கொக்கி.

அந்த எழுத்துருவைப் பள்ளி லேப்டாப்பிலும் நிறுவினால் இன்றைக்குத் தப்பிக்கலாம், நாளைக்கு வேறு கணினியில் அதே கதை. ஆகவே தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பொங்குதமிழ் என்ற எழுத்துரு மாற்றி இணையத்தில் இருக்கிறது, பழையதை ஒட்டி, எந்த எழுத்துரு என்று தெரிவு செய்தால் யூனிகோடில் தரும். ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்ற உட்காராதீர்கள், அடுத்த தவணைக்கு வேண்டியதை மட்டும் மாற்றுங்கள். கணிதக் குறியீடுகளும் அட்டவணைகளும் கலைந்துபோகும், அதைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும், அதற்குக் குறுக்கு வழி இல்லை.

புதிதாகத் தட்டுவதற்குத் தமிழ்99 பழகுங்கள் என்று சொல்வேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் வந்தது, உங்கள் அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. உயிர் இடது பக்கம், மெய் வலது பக்கம், புள்ளியைப் பல இடங்களில் அதுவே வைத்துக்கொள்ளும். கை வலித்தால் போனில் கூகுள் விசைப்பலகையின் மைக்கைத் தொட்டுப் பேசுங்கள், தமிழில் எழுதும். என் பேச்சை அது எப்படி எழுதுகிறது என்பது வேறு கதை. ஆமாம் என்பதற்கு எங்கள் வழக்கில் "ஓம்" என்று நான் சொல்கிற ஒவ்வொரு தடவையும் அதற்குப் பக்தி வந்துவிடுகிறது.

தலைமையாசிரியர் ஐயாவுக்கு ஒன்று. 2022 மார்ச்சில் இங்கே கடதாசித் தட்டுப்பாடு வந்து மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது, அதே மாதம் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது. கடதாசியும் இல்லை, கரண்டும் இல்லை. இரவு கரண்ட் வந்த நேரத்தில் வட்ஸ்அப்பில் பயிற்சித்தாள் அனுப்புவேன், பிள்ளைகள் அதைப் பார்த்துப் பழைய கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுவார்கள். இதில் எது பழைய முறை, எது புதிய முறை என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.


கணக்கு டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. ஜியோஜீப்ராவை இறக்கிவிட்டேன், 2 நாளாக இரவு சாப்பிட்டதும் முக்கோணத்தை இழுத்துக்கொண்டிருக்கிறேன், வீட்டுக்காரர் இது என்ன கேம் என்று கேட்கிறார். முகமூடி விளக்கம் அருமை சார், 15 வருடமாக யாரும் எனக்கு அதை அப்படிச் சொல்லவில்லை.

தலைமையாசிரியர் ஐயா சொன்ன கடைசி பெஞ்சுப் பையன் மனசில் நிற்கிறான். திரையில் காட்டும்போது எல்லோரும் "புரியுது டீச்சர்" என்று ராகம் போடுகிறார்கள், யாருக்கு உண்மையில் புரிந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளைகளிடம் போனோ டேபோ கிடையாது, என் ஒரு போன்தான்.


வெள்ளைத்தாள்:

ஒரு போன் போதும் மேடம். பிளிக்கர்ஸ் என்று தேடுங்கள். இணையதளத்தில் அட்டைகள் இருக்கும், ஏ4 தாளுக்கு இரண்டு, 40 பிள்ளைக்கு 20 தாள், ஜெராக்ஸ் செலவு மட்டும்தான். ஒவ்வோர் அட்டையிலும் கறுப்புக் கட்டம் கட்டமாக ஒரு வடிவம், ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. 4 பக்கமும் சின்னதாக நான்கு விடைகளுக்கான எழுத்து. நீங்கள் கேள்வி கேட்டதும் பிள்ளை தன் விடை மேலே வருமாறு அட்டையைப் பிடிக்க வேண்டும். நீங்கள் போன் கேமராவை வகுப்பு முழுக்கத் திருப்பினால் யார் சரி, யார் தப்பு என்று உங்கள் போனில் மட்டும் தெரியும். பக்கத்துப் பிள்ளையின் அட்டையைப் பார்த்துக் காப்பி அடிக்க முடியாது, வடிவமே வேறு. தப்பு சொன்னவன் யார் என்று வகுப்புக்குத் தெரியாது என்பதால் ஊமைக்கோட்டான்களும் அட்டையைத் தூக்குவார்கள்.

பட்டுத் தெளிந்தது: அட்டைக்குப் பளபளப்பு லேமினேஷன் போடாதீர்கள், டியூப்லைட் வெளிச்சம் பட்டு கேமரா படிக்காது. நான் 40 அட்டைக்கும் லேமினேஷன் போட்டு 600 ரூபாயைத் தொலைத்தேன். அப்புறம், விரலால் கறுப்புக் கட்டத்தை மறைத்துப் பிடிக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இதற்குப் போனில் நெட் வேண்டும், மலைப்பள்ளி மன்னிக்கவும்.


டீச்சர் மகன்:

நான் ஆசிரியர் இல்லை, மென்பொருள் வேலை, எங்கம்மா அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாத்தனார் செய்தியைப் படித்துச் சிரித்து முடிக்க 5 நிமிடம் ஆனது.

மேடம், முடிந்தவரை போனை போர்டோடு இணைக்காதீர்கள், லேப்டாப்பை இணையுங்கள். போனைத்தான் இணைத்தாக வேண்டும் என்றால் முதலில் தொந்தரவு செய்யாதே என்ற அமைப்பைப் போட்டுவிடுங்கள், மேலிருந்து இழுத்தால் டு நாட் டிஸ்டர்ப் என்று இருக்கும். வீடியோவை முன்பே இறக்கி வைத்திருந்தால் டேட்டாவை அணைத்துவிடுங்கள், அப்போது யாருடைய கடனும் வராது. லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப் திறந்து வைத்திருந்தால் அதையும் மூடுங்கள், பலர் மறப்பது அதைத்தான். யூடியூபில் தானாக அடுத்த வீடியோ ஓடுவதை நிறுத்துங்கள், பித்தாகரஸ் முடிந்ததும் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. பள்ளி லேப்டாப்பில் உங்கள் சொந்த ஜிமெயிலைத் திறந்தபடி விட்டுவிட்டு வராதீர்கள், வகுப்புக்கென்று தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் போட்டோவும் மதிப்பெண்ணும் ஊர் குரூப்பில் போகவே கூடாது.

இன்னொரு விஷயம், இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். எங்கம்மா வேலையில் இருந்தபோது கம்ப்யூட்டரில் ஒவ்வொரு சந்தேகத்தையும் என்னிடம்தான் கேட்பார். நான் "இங்க குடும்மா" என்று மவுசை வாங்கி நானே முடித்துக் கொடுத்துவிடுவேன். எனக்கு அவசரம். 10 வருடம் அப்படித்தான். அவர் கற்றுக்கொள்ளவில்லை என்று நானே வெளியில் சொல்லிக்கொண்டும் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு பக்கத்து வீட்டு 9ஆம் வகுப்புப் பெண் ஒருத்தி அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள், அவள் ஒருமுறைகூட மவுசைத் தொடவில்லை, "நீங்களே அமுக்குங்க பாட்டி" என்று பக்கத்தில் நின்றாள். ஒரு மாதத்தில் அம்மா மின்கட்டணம் கட்டினார். உங்களுக்கு உதவி செய்பவர் யாராக இருந்தாலும் மவுசைக் கொடுத்துவிடாதீர்கள் மேடம்.


கணக்கு டீச்சர்:

நேற்று நடத்திவிட்டேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

துளைக்குப் பொட்டு வைத்தாயிற்று (நெயில் பாலிஷ், பெயின்ட் கிடைக்கவில்லை). லேப்டாப்பை இணைக்க ஆன நேரம் 2 நிமிடம். முதலில் கரும்பலகையில் விரிகோண முக்கோணம் போட்டு, மையம் எங்கே வரும் என்று 5 பேரைப் பொட்டு வைக்கச் சொன்னேன். 4 பேர் உள்ளே வைத்தார்கள். ஒருவன் முக்கோணத்துக்கு வெளியே வைத்தான், ஏன்டா என்றால் "எல்லாரும் உள்ள வச்சாங்க, அதான்" என்றான்.

அப்புறம் திரையில் உச்சியைப் பிடித்து இழுத்தேன். 90 வந்ததும் மையம் உச்சியில் ஒட்டிக்கொண்டபோது "ஓ" என்று ஒரு சத்தம். நான் தாண்டி இழுத்தேன், வெளியே போனது. பிறகு மாணவர்களையே இழுக்கச் சொன்னேன், கோணத்தை அகலப்படுத்திக்கொண்டே போனார்கள், மையம் ஓடி ஓடித் திரையை விட்டே வெளியே போய்விட்டது. "பக்கத்து ஊருக்குப் போயிருச்சு டீச்சர்" என்றது ஒரு குரல். அப்போது முன் வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: மூன்று புள்ளியையும் ஒரே கோட்டில் வைத்தால் மையம் எங்கே இருக்கும்?

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. தெரியாது, வைத்துப் பார் என்றேன். பின்னால் கட்டங்கள் போட்டிருந்ததால் புள்ளியைச் சரியாகக் கோட்டில் உட்கார வைக்க முடிந்தது. மையம் காணாமல் போனது. குத்துக்கோடுகள் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் தண்டவாளம் மாதிரி நின்றன. ஒன்றுக்கொன்று இணை, எப்படிச் சந்திக்கும்? அதை நான் சொல்லவில்லை, கடைசி பெஞ்சு சொன்னது. சொல்லி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது, மிச்சத்தைக் கரும்பலகையில் முடித்தேன்.

தலைமையாசிரியர் ஐயா, வட்டம் இன்னும் கையால்தான் போடுகிறேன். ஆனால் 7ஆம் வகுப்புக்கு வட்டத்தின் பரப்பு வருகிறது, வட்டத்தை ஆரஞ்சுச் சுளை மாதிரி வெட்டி மேலும் கீழுமாக அடுக்கினால் செவ்வகம் போல வரும் என்று காட்ட வேண்டும். வழக்கமாகக் காகிதத் தட்டை 16 துண்டாக வெட்டித்தான் செய்வேன், அதை விடப்போவதில்லை. 16ஐ 64 ஆக்கினால் என்ன ஆகும் என்பதைத்தான் காகிதத்தில் காட்ட முடியவில்லை. சாக்பீஸ் சார், இழுத்தால் எண் மாறும் ஸ்லைடர் என்று ஒன்று ஜியோஜீப்ராவில் இருக்கிறதே, அதை வைத்து இதைச் செய்ய முடியுமா? முடியும் என்றால் நீங்கள் செய்து அனுப்ப வேண்டாம், எங்கே அமுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.